கிடங்கிற்கு வந்த பொறிக்கை

மலாய் மொழியில் பண்டசாலையைக் 'குடாங்' என்பர். அச்சொல் தமிழின் 'கிடங்கு' என்பதிலிருந்தோ, தெலுங்கின் 'கிட்டங்கி' என்பதிலிருந்தோ கடல் கடந்து சென்றது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலர் கொள்கை. ஆங்கிலேயர் அதனை மேலும் திரித்துக் 'கோடவுன்' ஆக்கினர். சொல் இவ்வாறு மூன்று மொழிகளில் ஏறி இறங்கியது போலவே மூட்டைகளும் ஏறி இறங்கின. சிங்கப்பூர் ஆற்றங்கரைக் கிடங்குகளில் அரிசி, மிளகு, ரப்பர் ஆகியவை நெடுங்காலம் மனிதன் தோளின் மேலேயே பயணம் செய்தன. படகுக்கும் கரைக்கும் இடையே இட்ட ஒற்றைப் பலகையின் மேல், முதுகு வளைந்து, மூச்சு வாங்க நடந்த தோள்கள் அவை. ஆற்றங்கரையில் சீனர் தோள்கள் மிகுதி. துறைமுகத்தில் தமிழர் தோள்களும் உண்டு.

அதே சிங்கப்பூர், 2023ஆம் ஆண்டின் கணக்குப்படி, தொழிற்சாலைப் பணியாளர் 10,000 பேருக்கு 770 ரோபோக்கள் என்னும் அளவோடு, தென்கொரியாவுக்கு அடுத்தபடியாக உலகில் இரண்டாம் இடத்தில் நின்றது. பன்னாட்டு ரோபோக் கூட்டமைப்பு வெளியிட்ட கணக்கு இது. தோளின் வேலையை இரும்பு எவ்வாறு ஏற்றது? ஏற்ற இரும்பைத் தரையில் நிறுவியவர் யார், பழுது பார்த்தவர் யார், அவர்களுக்கு நேர்ந்தது என்ன? ரோபோவின் வரலாற்றைக் கூறும் நூல்கள் அதனைப் படைத்தவர்களின் புகழை விரிவாகப் பாடுகின்றன. எண்ணெய்த் துணியும் திருகுச் சாவியுமாக அதன் அருகில் நின்றவனைப் பற்றி ஓரிரு வரிகளோடு நிறுத்திக் கொள்கின்றன. அவ்வரிகளைச் சற்று நீட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சீவக சிந்தாமணியில் மயிற்பொறி பறந்தது, ஆதலால் ரோபோவும் நம்முடையதே என்று மார்தட்டும் கட்டுரை அன்று இது என்பதை முன்னரே கூறிவிடுகிறேன்.

முதலில் பெயரைக் காண்போம். 'ரோபோ' என்பது செக் நாட்டுச் சொல். காரல் சாப்பெக் என்னும் எழுத்தாளர் 1920இல் வெளியிட்ட 'ஆர். யு. ஆர்.' என்னும் நாடகத்தில் இச்சொல் உலக வழக்கிற்கு வந்தது. நாடகம் 1921ஆம் ஆண்டு ஜனவரியில் பிராகா நகரில் அரங்கேறியது. சொல்லைத் தமக்கு எடுத்துக் கொடுத்தவர் தம் தமையனாரும் ஓவியருமாகிய யோசெப் என்று சாப்பெக்கே பின்னர் எழுதினார். மூலச் சொல் 'ரொபோட்டா'. நிலக்கிழாருக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்யக் கடமைப்பட்ட வேலை என்பது அதன் பொருள். ஆஸ்திரியப் பேரரசில் அவ்வழக்கம் 1848இல் ஒழிக்கப்பட்டது. நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருவதும் இத்தகைய கூலியில்லா வேலையே. இன்றும் வீண் உழைப்பை 'வெட்டி வேலை' என்கிறோம் அன்றோ? ஆகவே, 'இயந்திர மனிதன்' என்னும் பெயர்ப்பைவிட 'வெட்டியாள்' என்பதே மூலத்திற்கு நெருங்கிய பெயர்ப்பாக இருந்திருக்கும். அதனை வழக்கிற்குக் கொண்டு வர நான் முயலவில்லை. மக்கள் வாயில் 'ரோபோ' ஏறிவிட்டது. தொழிற்சாலைகளில் நிற்பது பெரும்பாலும் தலையும் காலும் இல்லாத ஒற்றைக் கையாதலால், அக்கையை மட்டும் 'பொறிக்கை' என்று சொல்லிக் கொள்கிறேன்.

அமெரிக்காவில் ஜார்ஜ் டெவால் என்னும் புதுப்புனைவாளர் இருந்தார். ஆள் அருகில் வந்ததும் தானே திறக்கும் கதவைச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். 1954ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1961ஆம் ஆண்டு ஜூனில் அது கிடைத்தது. எண் 2,988,237. அதன் தலைப்பைத் தமிழில் கூறினால், 'வகுத்த முறைப்படி பொருளை இடம் மாற்றுதல்' என்று வரும். இதனை ஊன்றி நோக்குக. மனிதனைப் போல் பேசுவது, நடப்பது, சிந்திப்பது எதுவும் அதில் இல்லை. பொருளை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைத்தல், அவ்வளவே. முதல் ரோபோவின் பிறப்புச் சான்றிதழிலேயே சுமை தூக்குபவனின் தொழில்தான் எழுதப்பட்டிருந்தது.

டெவால் 1956இல் ஒரு விருந்தில் ஜோசப் எங்கல்பெர்கர் என்னும் பொறியியலாரைச் சந்தித்தார். எங்கல்பெர்கர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றவர். ஐசக் அசிமோவின் ரோபோக் கதைகளில் தோய்ந்தவர். இருவரும் சேர்ந்து உருவாக்கிய பொறிக்கைக்கு 'யூனிமேட்' என்று பெயர். 1961இல் நியூஜெர்சி மாநிலத்தில் டிரெண்டன் நகருக்கு அருகிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் அது பணிக்கு அமர்ந்தது. அச்சில் வார்த்த உலோகத் துண்டுகளைச் சூட்டோடு வெளியே எடுப்பதே அதற்கு இட்ட வேலை. கை சுட்டுவிடும், நச்சுப் புகை வரும் என்று ஆட்கள் அஞ்சிய வேலை அது. செய்ய வேண்டிய அசைவுகள் ஒரு காந்த உருளையில் பதிந்திருந்தன. எண்ணெயின் அழுத்தத்தால் கை இயங்கியது.

வாணிக நோக்கில் பார்த்தால் தொடக்கம் படுமோசம். அடக்க விலை 65,000 டாலர் ஆன பொறியை 18,000 டாலருக்கு விற்றனர் என்று சொல்லப்படுகிறது. யூனிமேஷன் நிறுவனம் ஆதாயம் கண்டது 1975ஆம் ஆண்டில்தான். 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜானி கார்சன் நிகழ்ச்சியில் யூனிமேட் தோன்றிக் கோப்பையில் பீர் ஊற்றியது, பந்து தட்டியது, வாத்தியக் குழுவுக்குக் கோல் அசைத்தது. அமெரிக்கர் கைதட்டினர், வாங்கியவரோ மிகச் சிலர். ஆனால் 1967இல் தோக்கியோவுக்கு எங்கல்பெர்கரை அழைத்த ஜப்பானியர் நூற்றுக்கணக்கில் திரண்டு, மணிக்கணக்கில் வினாத் தொடுத்தனர். மறு ஆண்டே காவசாகி நிறுவனம் உரிமம் பெற்றது. 1969இல் ஜப்பானிய மண்ணில் யூனிமேட் உருவாயிற்று. வேடிக்கை பார்த்தவன் யார், வினவிக் கற்றவன் யார் என்பது அப்பொழுதே தெரிந்துவிட்டது.

எண்ணெயால் இயங்கும் கைக்கு ஒரு தீராத நோய் உண்டு. குழாயும் அடைப்பு வளையமும் தேய்ந்தால் எண்ணெய் கசியும். வார்ப்படச் சாலையில் நாலு சொட்டு எண்ணெய் விழுந்தால் குடி முழுகிவிடாது. ரொட்டியும் மிட்டாயும் கட்டும் இடத்தில் விழலாமோ? சுவீடன் நாட்டு ஆசியா நிறுவனம் 1974இல் வெளியிட்ட 'ஐ. ஆர். பி. 6' என்னும் பொறிக்கை இவ்வகையில் ஒரு திருப்பம். அது முற்றிலும் மின்சார மோட்டாரால் இயங்கியது. நுண்செயலி ஒன்று அதனை ஆண்டது. தூக்கும் சுமை ஆறு கிலோ. தெற்குச் சுவீடனில் கேனார்ப் என்னும் சிற்றூரில் இருந்த மக்னுசன் என்பாரின் சிறு தொழிற்சாலைதான் அதனை முதலில் வாங்கியது. துருவேறா எஃகுக் குழாய் வளைவுகளை மெருகிடும் வேலை அதற்குக் கிடைத்தது. பெரிய கார்த் தொழிற்சாலைகளுக்கே உரியது என்று கருதப்பட்ட பொறி, சில ஆட்களே வேலை செய்யும் பட்டறைக்கும் ஏற்றது என்பதை அவ்வூர் காட்டியது.

ஆயினும், பொதி கட்டும் வேலைக்குப் பொறிக்கை வரத் தாமதமாயிற்று. காரணம் எளியது. காரின் கதவு எப்பொழுதும் ஒரே வடிவில், ஒரே இடத்தில் வந்து நிற்கும். கண் இல்லாத கையும் அதனைப் பற்றலாம். பிஸ்கட் அப்படி வருவதில்லை. ஓடும் பட்டையின் மேல் ஒன்று குறுக்கே கிடக்கும், ஒன்று நெடுக்கே கிடக்கும், ஒன்று உடைந்து கிடக்கும். அதனைப் பார்த்து, ஓட்டத்தோடு ஓடி, நொறுங்காமல் எடுத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். பெண்கள் வரிசையாக நின்று விரல் நுனியால் செய்துவந்த அவ்வேலை, ஒரு டன் இரும்பைத் தூக்குவதைக் காட்டிலும் பொறிக்குக் கடினமாயிருந்தது.

இதற்கு விடை சாக்லெட்டிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பக் கழகத்தில் ரெய்மண்ட் கிளாவெல் என்பார் பேராசிரியர். 1980களின் தொடக்கத்தில் அவர் குழுவினர் ஒரு சாக்லெட் தொழிற்சாலையைப் பார்வையிட்டனர். சிறு சாக்லெட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக் குழிகளில் வைப்பதற்கு ஒரு பொறி வேண்டியிருந்தது. வழக்கமான பொறிக்கையில் தோள் மோட்டார், முழங்கை மோட்டாரையும் சேர்த்தே சுமக்கிறது. ஆகவே கை கனத்து, விரைவு குன்றுகிறது. கிளாவெல் மூன்று மோட்டார்களையும் மேலே கூரைச் சட்டத்திலேயே நிறுத்திவிட்டார். கீழே தொங்குவன மெல்லிய கம்பிகள் மட்டும். அவை இணைகரமாக இணைக்கப்பட்டிருப்பதால், நுனியில் உள்ள தட்டு எந்தப் பக்கம் சென்றாலும் சாயாது. வடிவ கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள், இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் இணையானவை என்னும் பாடத்திற்கு இதைவிட இனிய சான்று தேட வேண்டியதில்லை. எட்டுக்கால் பூச்சி கூரையிலிருந்து தொங்குவது போன்ற தோற்றமுடைய இதற்கு 'டெல்டா' என்று பெயர். டெமோரே என்னும் உடன்பிறந்தார் இருவர் 1987இல் உரிமம் பெற்றுத் தொழிற்சாலைகளுக்குச் செய்து கொடுத்தனர். 1990களின் இறுதியில் ஏ. பி. பி. நிறுவனமும் அதனை வெளியிட்டது. இதற்கிடையில் படப்பிடிப்புக் கருவியும் கணிப்பொறியும் மலிந்து, பொறிக்குக் கண் கிடைத்தது. இன்று நிமிடத்திற்கு நூறு துண்டுகளுக்கு மேல் எடுத்து வைக்கும் டெல்டாக்கள் உணவுச் சாலைகளில் எங்கும் உள்ளன.

கட்டிய பெட்டியை அடுக்குவதே பொதி வேலையின் கடைசிக் கட்டம். 'பேலட்' எனப்படும் மரத்தட்டின் மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கும் பொறிக்கையை நிறுவுவது எப்படி என்று சிறிது விரிவாகக் காண்போம். நிறுவுபவனின் கலை இங்கேதான் விளங்கும். கையை வாங்கி வந்து மின்சாரம் கொடுத்தால் போதும் என்று எண்ணுபவர் உளர். தரையைப் பாராமல் கையை நிறுவுபவன் அடித்தளம் பாராமல் கோபுரம் கட்டுபவனுக்கு ஒப்பாவான். முழு வேகத்தில் ஓடி, சட்டென நின்று, திரும்பும் கை தன் அடியைப் பிடுங்கப் பார்க்கும். ஆதலால் கான்கிரீட்டின் கனமும் மட்டமும் முதலில் அளக்கப்பட வேண்டும். நங்கூர ஆணிகள் ஆழமாக இறங்க வேண்டும். பின்னர், கையின் எல்லை முழுவதையும் அடக்கி வேலி. வேலிக்குக் கதவு. கதவு திறந்தால் கை நிற்க வேண்டும்.

அடுத்து, நுனியில் பொருத்தும் 'பிடி'. பெட்டிக்கு உறிஞ்சு கிண்ணம், மூட்டைக்கு விரல்கள் போன்ற இரும்புக் கவைகள், போத்தலுக்கு வேறு. உறிஞ்சு கிண்ணம் வெறும் ரப்பர்க் குவளைதான். ஆனால் பொதிச் சாலையில் வேலை நின்றுபோகும் பொழுது, பெரும்பாலும் குற்றவாளி கணிப்பொறி அன்று. விளிம்பு கிழிந்த இந்த ரப்பர்க் குவளையும், அட்டைத் தூசு அடைத்த காற்றுக் குழாயுமே. பிறகு அடுக்கும் முறை. கொத்தனார் செங்கல்லை ஒரு வரிக்கு மறு வரி மாற்றி வைப்பது போல, பெட்டிகளும் மாறி மாறிப் பிணைந்து அமைய வேண்டும். நேர் மேலே நேராக அடுக்கினால் பெட்டியின் மூலைகள் நன்கு பாரம் தாங்கும், ஆனால் அடுக்கு எளிதில் சரியும். பிணைத்து அடுக்கினால் சரியாது, ஆனால் அட்டை நசுங்கலாம். எதனைக் கொள்வது என்பது பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் பொறுத்தது. இதனைப் பழைய கிடங்குக் கங்காணி ஏட்டில் படித்தறியவில்லை, ஆயினும் அறிவான். நல்ல நிறுவுநர் முதல் நாள் அவனிடம்தான் கேட்பார்.

கைக்கு வழி காட்டுவதை அத்தொழிலில் 'கற்பித்தல்' என்றே வழங்குகின்றனர். நிறுவுநர் கையில் ஒரு பலகை, அதில் பொத்தான்கள். பொறிக்கையை அங்குலம் அங்குலமாக நகர்த்திச் சென்று, 'இங்கே எடு, இங்கே உயர்த்து, இங்கே வை' என்று ஒவ்வோர் இடத்தையும் நினைவில் பதியச் செய்கிறார். நம் மாணவர் மறந்துவிடுவர், இது மறவாது. ஆனால் பெட்டி இரண்டு அங்குலம் தள்ளி வந்தால், பதிந்த இடத்திலேயே வெறும் காற்றை எடுத்து வைத்துக் கொண்டிருக்கும். மனப்பாடத்திற்கும் கல்விக்கும் உள்ள வேற்றுமை நம் தொழிலில் புதிதன்று.

பொதி கட்டுவது இவ்வாறு நிகழ, கிடங்கின் வரலாறு வேறு வழியாக வந்தது. 1950களின் முற்பகுதியில் அமெரிக்காவில் பேரட் என்னும் நிறுவனம், ஓட்டுநர் இல்லாமல் மின்கம்பி காட்டும் வழியே செல்லும் இழுவை வண்டியைச் செய்தது. மளிகைக் கிடங்கு ஒன்றிலேயே அது முதலில் ஓடியது. ஜெர்மனியில் கூட்டர்ஸ்லோ நகரில் பெர்ட்டல்ஸ்மன் என்னும் நூல் வெளியீட்டு நிறுவனத்திற்காக 1962இல் ஏறத்தாழ 20 மீட்டர் உயரமுள்ள அடுக்குக் கிடங்கு எழுந்தது. புத்தகங்கள்தாம் கிடங்கை முதலில் வானளாவச் செய்தன என்பது ஆசிரியர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1974ஆம் ஆண்டு ஜூன் 26இல் ஒகாயோ மாநிலத்து டிராய் நகரக் கடையொன்றில், ரிக்லி சூயிங்கம் பொதியின் மேல் அச்சிட்ட கோடுகளைக் கருவி படித்தது. பட்டைக் குறி என்னும் இக்கோடுகளால்தான் எந்தப் பெட்டி எது என்று பொறி அறிந்தது.

1999 வாக்கில் அமெரிக்காவில் வெப்வேன் என்னும் மளிகை நிறுவனம் பெரும் பொருட்செலவில் தானியங்கிக் கிடங்குகளைக் கட்டி, 2001இல் நொடித்துப் போனது. அங்கே பணியாற்றிய மிக் மவுண்ட்ஸ் என்பார் தோல்வியை ஆராய்ந்தார். ஆள் பொருளைத் தேடி மைல் கணக்கில் நடக்கிறான். பொருளே ஆளிடம் வந்தால் என்ன? 2003இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னர்க் கீவா எனப் பெயர் பெற்றது. தரையோடு தரையாக ஓடும் தட்டையான வண்டி, அலமாரியின் அடியில் புகுந்து, அதனை அப்படியே தூக்கி, நின்ற இடத்தில் நிற்கும் பணியாளரிடம் கொண்டு வரும். தரையில் ஒட்டிய குறிச்சீட்டுகளைப் பார்த்து வழி அறியும். அமேசான் நிறுவனம் 2012இல் கீவாவை 77 கோடியே 50 இலட்சம் டாலருக்கு வாங்கியது. பின்னர்ப் பிறருக்கு விற்பதையும் நிறுத்தியது. தன்னிடம் உள்ள ரோபோக்கள் பத்து இலட்சத்தை எட்டின என்று அந்நிறுவனம் 2025இல் அறிவித்தது. நடை குறைந்தது மெய். ஆனால் பொருள் இடைவிடாது வந்து முன்னே நிற்பதால், எடுப்பவன் மூச்சுவிடும் இடைவெளியும் குறைந்தது. நடை மிச்சம் என்று கணக்கெழுதுவோர் இதனையும் ஒரு பத்தியில் எழுத வேண்டும்.

இனி, பழுது பார்த்தவனுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும்.

1979ஆம் ஆண்டு ஜனவரி 25. மிச்சிகன் மாநிலம் பிளாட் ராக்கில் இருந்த போர்டு நிறுவனத்தின் வார்ப்படச் சாலை. வார்ப்புகளை அடுக்குகளில் வைத்து எடுக்கும் தானியங்கிக் கிடங்கு அங்கே இருந்தது. பொறி சரிவர வேலை செய்யவில்லை என்று, 25 வயதுப் பணியாளர் ஒருவர் தாமே அடுக்கின் மேல் ஏறினார். பொறி நின்றுவிடவில்லை, ஓசை எழுப்பி எச்சரிக்கவும் இல்லை. பின்னிருந்து வந்த கை தலையில் தாக்கியது. அவர் இறந்து கிடக்க, அரை மணி நேரம் பொறி தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. ரோபோவால் இறந்த முதல் மனிதர் என்று வரலாறு அவரைக் குறிக்கிறது. 1983இல் நீதிமன்ற நடுவர் குழு, பொறியைச் செய்த நிறுவனம் குடும்பத்திற்கு ஒரு கோடி டாலர் தர வேண்டும் என்றது.

1981ஆம் ஆண்டு ஜூலை 4. ஜப்பானில் அகாசி நகரக் காவசாகித் தொழிற்சாலை. 37 வயதான பராமரிப்புத் தொழிலாளர் பழுதான பொறிக்கையைப் பார்க்க வேலிக்குள் சென்றார். கதவைத் திறந்திருந்தால் மின்சாரம் தானே நின்றிருக்கும். அவர் வேலியைத் தாண்டிக் குதித்தார். உள்ளே பொறி தவறுதலாக இயங்கத் தொடங்கியது. கை அவரைப் பின்னால் இருந்த அரைவைப் பொறியோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. சிலர் இதனை அவர் தம் கவனக்குறைவு என்று முடித்துவிடுகின்றனர். எனக்கு அது நேர்மையான முடிவாகத் தோன்றவில்லை. கதவைத் திறந்து வேலையை நிறுத்துவதைவிடக் குதித்து நேரத்தை மிச்சப்படுத்துவதே மேல் என்று ஒரு தொழிலாளி எண்ணுவானாயின், அவ்வெண்ணம் அவன் உள்ளத்தில் எங்கிருந்து முளைத்தது என்றும் கேட்க வேண்டும். அசிமோவ் 1942இல் தம் கதையில் வகுத்த மூன்று விதிகளுள் முதலாவது, ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது என்பது. பிளாட் ராக்கின் பொறியோ அகாசியின் பொறியோ கதை படிப்பதில்லை. விதியை மனிதரே இரும்பில் அமைத்துத் தர வேண்டியிருந்தது.

அமைத்தனர், சற்றுத் தாமதமாக. ஜப்பான் 1983இல் தன் தொழிற் பாதுகாப்பு விதிகளில் ரோபோவைச் சேர்த்தது. அமெரிக்கத் தரநிலை 1986இல் வந்தது. பன்னாட்டுத் தரநிலை 1992இல். கற்பிக்கும் பொழுது கையின் வேகம் விநாடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என்று வரையறுத்தனர். மனிதன் விலகிக்கொள்ளப் போதிய வேகம் அது. கற்பிக்கும் பலகையின் பின்புறம் ஒரு பொத்தான் வைத்தனர். அதனை மிதமாக அழுத்தியிருக்கும் வரையே கை அசையும். கைவிட்டால் நிற்கும். தொடக்கத்தில் இவ்வளவே இருந்தது. ஆனால் அச்சம் தாக்கிய மனிதன் எப்பொழுதும் கைவிடுவதில்லை. சிலர் இறுகப் பற்றிக் கொள்வர். ஆகவே இறுக அழுத்தினாலும் நிற்குமாறு பின்னர் மாற்றினர். மனிதன் நடுங்கும் விதத்தைப் படித்துச் செய்த பொத்தான் அது. யூனிமேட் பீர் ஊற்றியதை விட இதுவே பெரிய அறிவுச் செயல் என்பேன். அமேசான் கிடங்குகளில் ரோபோக்கள் ஓடும் பகுதிக்குள் செல்பவர், தம் இருப்பைப் பொறிகளுக்கு அறிவிக்கும் ஓர் இடைக்கச்சை அணிவதென்று 2019இல் செய்தி வந்தது.

இவை எல்லாவற்றிலும் எளியது ஒரு பூட்டு. 1989இல் அமெரிக்க அரசு இயற்றிய விதியின்படி, பழுது பார்க்கப் போகிறவர் மின் திறப்பானை அணைத்து, அதில் தம் சொந்தப் பூட்டை மாட்டி, பெயர் எழுதிய சீட்டைத் தொங்கவிட வேண்டும். சாவி அவருடைய சட்டைப் பைக்குள் இருக்கும். ஐவர் உள்ளே சென்றால் ஐந்து பூட்டுகள் தொங்கும். நால்வர் வெளியே வந்து தத்தம் பூட்டைக் கழற்றிய பின்னும், ஐந்தாமவர் வந்து தம் சாவியைத் திருப்பும் வரை, பொறிக்கை எழாது.